நாலு சக்கரம் உண்டு, நம்பர் பிளேட் இல்லை

குவாட் பைக் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எவ்ளோ ஸ்பீடு போகும்?" அடுத்தது "வரப்பு ஏறுமா?" ஏறும். வரப்பு, ஓடை மணல், ஏரிக்கரைச் சரிவு எல்லாம் ஏறும். ரோட்டைத் தாண்டலாமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

என் மச்சானும் கேட்கவில்லை. கீழ்பென்னாத்தூரில் அவருடைய கழனி ரோட்டுக்கு இந்தப் பக்கம், மல்லாட்டை போடும் கொல்லை அந்தப் பக்கம். நடுவில் போவது கிருஷ்ணகிரி–திண்டிவனம் தேசிய நெடுஞ்சாலை 77. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் பஸ்கள் அதில்தான் பறக்கின்றன. கழனியிலிருந்து கொல்லைக்கு வண்டியைக் கொண்டுபோக வாடகைக்குக் குட்டியானை பிடித்து, பலகை சாய்த்து ஏற்றி, கயிறு கட்டி, எதிர்ப்பக்கம் இறக்க வேண்டியிருக்கிறது. டிரைவர் சிரித்துக்கொண்டேதான் காசு வாங்குகிறார்.

சில வாரங்களாக இந்த வண்டி என் கையில் இருக்கிறது. 250 சிசி, கிளட்ச் கிடையாது, ரிவர்ஸ் உண்டு. மற்ற விவரமெல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. கம்பெனிப் பெயரை எழுதப் போவதில்லை, எழுதினாலும் எந்தப் பெயரை எழுதுவது? டேங்கில் ஒரு ஸ்டிக்கர், பில்லில் வேறொரு பெயர், என்ஜின் உறையில் வார்த்திருப்பது மூன்றாவது. பாகங்களாக வந்து இங்கே எங்கோ பூட்டப்பட்ட வண்டி. இந்த மூன்று பெயர் விவகாரம் பிற்பாடு கழுத்தைப் பிடிக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிஜமாகவே நல்லது. மழை விட்ட மறுநாள் டிராக்டர் இறங்கினால் புதைந்துவிடும் மண்ணில் இது பாட்டுக்கு மிதந்து போகிறது. உர மூட்டையைப் பின்பக்க ரேக்கில் போட்டுக்கொண்டு, நெல்லுக்கு நடுவே இருக்கும் பம்புசெட் வரைக்கும் போய்த் திரும்பலாம். வரப்பின் ஓரம் இடிவதில்லை. காரணம் டயர். பலூன் மாதிரி அகன்ற டயரில் 5 பிஎஸ்ஐ காற்றுதான். காருக்கு 30-க்கு மேல் அடிக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். எடை பரவிவிடுவதால் மண் அமுங்குவதில்லை.

இந்த 5 பிஎஸ்ஐயை ஊரில் எந்தப் பஞ்சர் கடையிலும் அளக்க முடியாது. அவர்களுடைய கேஜில் முள் அசையத் தொடங்குவதே அதற்கு மேலேதான். "காத்தே இல்லண்ணா" என்று பழக்கத்தில் 25 வரை ஏற்றிவிடுகிறார் தம்பி. அப்புறம் ஒவ்வொரு மண்கட்டிக்கும் வண்டி எகிறுகிறது, முதுகெலும்பு எண்ணிக்கொள்கிறது. குறைந்த அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்றை வண்டியோடு சேர்த்துக் கொடுத்தால் விற்பவனுக்கு என்ன குறைந்துவிடும்?

எனக்குத் தீராத கடுப்பு ஆக்ஸிலேட்டர் மேல். முறுக்குகிற கைப்பிடி இல்லை. வலது கட்டைவிரலால் ஒரு சின்ன நெம்பைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மேடு பள்ளத்தில் உடம்பு குலுங்கும்போது முறுக்குப்பிடி தானாகத் திருகிக்கொள்ளும், அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு என்பது தெரியும். தெரிந்தும் என்ன, அரை மணி நேரத்தில் கட்டைவிரலின் அடிச்சதை மரத்துவிடுகிறது. மாலையில் சாதம் பிசையும்போதுதான் வலி எங்கே இருக்கிறதென்று சரியாகத் தெரியும். கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைவரை இதை ஒருவர் ஒரே சீராக அழுத்திக்கொண்டு போவதாக நினைத்தாலே எனக்கு விரல் சுண்டுகிறது.

மச்சானுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அவருக்கு ஒரே கனவு, ரோடு. "இண்டிகேட்டர், சைடு மிரர், ஹாரன், பின்னாடி ஒரு நம்பர் லைட்டு. மாட்டிட்டா லீகல் ஆயிடும் மாப்ள" என்றார். அவர் பார்த்தது அமெரிக்க வீடியோ. அங்கே அரிசோனா, மொன்டானா, யூட்டா போன்ற மாநிலங்களில் ஏறக்குறைய அப்படித்தான். இந்தச் சாமான்களை ஒரு டப்பாவில் போட்டு 'கிட்' என்றே விற்கிறார்கள். பிரிட்டனிலும் ஒற்றை வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோய்ச் சான்று வாங்க எம்.எஸ்.வி.ஏ. என்று ஒரு வழி உண்டு. மச்சான் எலெக்ட்ரீஷியனைப் பிடித்து எல்லாவற்றையும் மாட்டிவிட்டார். ஸ்கூட்டர் ஹாரன், புல்லட் கண்ணாடி. அழகாகத்தான் இருந்தது.

தார் ரோட்டில் இது எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க, ரோட்டுக்குப் போகாமல் ஓர் அரிசி ஆலையின் காம்பவுண்டுக்குள் போனோம். நெல் காயப்போடும் பெரிய சிமெண்ட் களம், அன்று காலி. நேராகப் போகும்போது குறையில்லை. திருப்பினேன், ஹேண்டில்பார் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. முன்சக்கரம் சிமெண்டைத் தேய்த்துக்கொண்டு நேரே சறுக்கியது. இன்னும் ஒடித்தபோது உள்பக்கப் பின்சக்கரம் தூக்கிக்கொண்டது. இறங்கிப் பார்த்தால் களத்தில் பிறை பிறையாகக் கறுப்புத் தீற்றல்.

பின்னால் ஒரே இரும்பு அச்சு, டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு பின்சக்கரமும் ஒரே சுற்றுத்தான் சுற்றும். நுகத்தில் பூட்டிய இரண்டு மாடும் வளைவில் சமமாக அடி வைத்தால் வண்டி எப்படித் திரும்பும்? வெளிப்பக்கத்து மாடு கூட நடந்தாக வேண்டும். மண்ணில் உள்சக்கரம் வழுக்கிக்கொண்டு அந்தக் கணக்கைச் சரிசெய்துவிடுகிறது. சிமெண்டிலும் தாரிலும் டயர் பிடித்துக்கொள்வதால் வழுக்கல் இல்லை. உடம்பை உள்பக்கம் சாய்த்து, வெளிப்பக்கக் கால்மிதியில் எடையை ஊன்றினால் ஓரளவு திரும்புகிறது. அதைச் சர்க்கஸ்காரர் செய்யலாம். பெண்டாட்டி பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, எதிரே செஞ்சி பஸ் வரும்போது செய்ய முடியாது.

டயரின் பக்கவாட்டில் விரலால் தடவினால் தட்டுப்படும் புடைப்பெழுத்தில், நெடுஞ்சாலையில் ஓட்ட அல்ல என்று ஆங்கிலத்தில் எழுதியே இருக்கிறது. மட்கார்டு ஸ்டிக்கரும் அதையே சொல்கிறது: கெட்டித் தரையில் ஓட்டாதே, ஆளை ஏற்றாதே. ஆலைக்காரர் எங்களைத் திட்டியது தீற்றலைப் பார்த்து. அதில் நியாயம் உண்டு.

இனி காகிதம். விற்றவர் சொன்னது, "சொந்த நிலத்துல ஓட்ட ஆர்.சி. வேணாம் சார்." பாதி உண்மை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 2(28), தொழிற்சாலைக்குள்ளோ வேறு அடைப்புள்ள வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓடச் செய்த தனிவகை வண்டியை 'மோட்டார் வாகனம்' என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. ஆனால் அதே சட்டத்தில் 'பொது இடம்' என்பது தார் ரோடு மட்டுமல்ல. மக்களுக்குப் போய்வர உரிமையுள்ள எந்த வழியும்தான். நெடுஞ்சாலையை விடுங்கள், ஏரிக்கரை வண்டிப்பாதையும் அதில் வரும். அங்கே சக்கரம் பட்டால் பிரிவு 39-இன்படி பதிவு வேண்டும், 146-இன்படி இன்சூரன்ஸ் வேண்டும். பதிவில்லாமல் ஓட்டினால் முதல் தடவைக்கு 5,000 ரூபாய் வரை அபராதம். அபராதம்கூடப் போகட்டும்; யார்மீதாவது மோதிவிட்டால் நஷ்டஈடு முழுக்க மச்சான் தலையில்தான், அதாவது அந்தக் கொல்லை மேல்.

பதிவு செய்ய ஃபாரம் 20 நிரப்ப வேண்டும். அதோடு விற்பனைச் சான்றான ஃபாரம் 21, ரோட்டுக்குத் தகுதியானது என்று தயாரிப்பாளர் கையெழுத்திடும் ஃபாரம் 22. இந்த 22-தான் பூட்டு. மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி, தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ மாதிரி வண்டியைச் சோதனை நிலையத்தில் தேற்றியிருந்தால்தான் அதைக் கொடுக்க முடியும். புனே ஏ.ஆர்.ஏ.ஐ. அப்படி ஒரு நிலையம். நம் ஒரகடத்திலேயே ஜி.ஏ.ஆர்.சி. இருக்கிறது. தேறிய மாடல் 'வாகன்' கணினியில் ஏறும். மூன்று பெயர் கொண்ட நம் வண்டியை எந்தப் பெயரில் தேடுவது? ஆர்.டி.ஓ. ஆபீஸ் கவுண்டரில் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார், "மேக்கர் யாருங்க?" மச்சானிடம் பதில் இல்லை.

வெளியே வந்தால் புரோக்கர். கண்டம் செய்த டிராக்டரின் ஆர்.சி. ஒன்று வாங்கித் தருகிறேன், சேசிஸ் நம்பரை அடித்துக்கொள்ளலாம் என்றார். மச்சான் கொஞ்சம் யோசித்தார். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

'குவாட்ரிசைக்கிள்' என்ற வகையை 2018-இல் சொந்த உபயோகத்துக்கும் அனுமதித்தார்களே என்று அடுத்த வாதம். அது பஜாஜ் க்யூட் மாதிரி கூரையும் ஸ்டீயரிங்கும் உள்ள குட்டி வண்டிகளுக்கு, அதற்கும் இதே சோதனைதான். இருக்கும் வண்டியில் மாற்றம் செய்து காட்டலாமா என்றால், ஆர்.சி. விவரம் தயாரிப்பாளர் கொடுத்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. நம்மிடம் மாற்றுவதற்கு ஆர்.சி.யே இல்லை என்பது வேறு விஷயம்.

வழியே இல்லையா என்றால், ஒரு கம்பெனி கண்டுபிடித்தது. போலாரிஸ் தன்னுடைய ஸ்போர்ட்ஸ்மேன் 570-ஐ இந்தியாவில் 'விவசாய டிராக்டர்' என்று சான்று வாங்கி விற்றது, 7.99 லட்சம் ஷோரூம் விலையில். 567 சிசி, 34 குதிரைத்திறன். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. விதியைப் படித்ததும் சிரிப்பு நின்றது. விவசாய டிராக்டர் என்றால் வயல் வேலைக்கான கருவியோடோ விளைபொருள் ஏற்றும் டிரெய்லரோடோ வேலை செய்ய வடிவமைத்த நாலு சக்கர இயந்திர வண்டி, அவ்வளவுதான். ஸ்டீயரிங் வட்டமாக இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. நம்பர் பிளேட், இன்சூரன்ஸ் எல்லாம் முறையாகக் கிடைக்கும், கார் லைசென்ஸே போதும். சந்தைக்கு வண்டி கொண்டுவரும் முன்பே காகித வேலையை முடித்த அந்தக் கம்பெனிமேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. விலைமேல் வரவில்லை. அந்தப் பணத்தில் கலப்பை, டிரெய்லரோடு நிஜ டிராக்டரே வாங்கிவிடலாம், அது உழவும் செய்யும்.

ஆக, நிலம் ஒரே வளைப்பில் இருப்பவர்கள், தோப்பு வைத்திருப்பவர்கள், ரிசார்ட் நடத்துபவர்கள் இந்த 250-ஐத் தாராளமாக வாங்கலாம். மற்றவர்கள் பணம் கட்டும் முன் ஃபாரம் 22-ஐ மேஜைமேல் வைக்கச் சொல்லுங்கள். "அது அப்புறம் வரும் சார்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மச்சானுக்கு வண்டியை விற்க மனசு வரவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கொல்லையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, இந்தப் பக்கம் தன் கழனியை ஒட்டிய நிலத்தைக் குத்தகைக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்.