திருவண்டப்பகுதியும் விண்ணியற் சான்றும்

திருவாசகத்தின் மூன்றாம் பகுதியாகிய திருவண்டப்பகுதி இன்றைய விண்ணியலை முன்னுணர்ந்து பாடப்பட்டது என்னும் கருத்து, வெள்ளவத்தையிலாயினும் கொட்டாஞ்சேனையிலாயினும் சைவ மேடைகளிற் கேட்கக்கூடிய ஒன்றாகும். உருண்டை வடிவினவாகிய அண்டங்கள் 101 கோடிக்கு மேலாகப் பரந்துள்ளன என மணிவாசகர் பாடியமையால், 1929இல் ஹபிள் அவதானித்து நிறுவியதை அவர் முன்னரே கண்டார் என்பது வாதம். அதன்வழி இறையுண்மையும் நிறுவப்பட்டதாகக் கொள்வர். இக்கூற்று ஆராயற்பாலது.

எண்ணைச் சான்றாக்குவோர் எண்ணாலேயே இடர்ப்படுவர். புலனாகும் பிரபஞ்சத்தில் விண்மீன் மண்டலங்கள் பதினாயிரம் கோடிக்குக் குறையா என்பது இன்றைய கணிப்பு. ‘மேற்பட’ என்னும் சொல் வாதத்தைக் காக்கும் எனின், அச்சொல் எந்த எண்ணையுமே காக்கும். ‘விரிந்தன’ என்பதும் பரந்து கிடத்தலையே உணர்த்துகின்றது. மண்டலங்கள் ஒன்றைவிட்டொன்று விலகி ஓடுதலை அன்று.

கவிதையின் ஆற்றல் வேறிடத்தில் உள்ளது. வீட்டினுள் நுழையும் வெயிற்கதிரில் மிதக்கும் நுண்துகள்களைப் புலவர் காட்டுகின்றார். அத்தனை அண்டங்களும் இறைவன்முன் அத்துகளளவே என்கின்றார். அண்டத்தின் பருமையை வியக்கத் தொடங்கியவர் மறுகணமே அதனைத் தூசாக்கிவிடுகின்றார். தூசினைச் சான்றுக்கு அழைத்தல் அவர் கருத்தாகுமா?

பிரபஞ்சம் விரிகின்றது என்னும் கொள்கையை 1927இல் வெளியிட்ட லெமேத்ர், கத்தோலிக்கக் குருவானவர். 1951இல் பாப்பரசர் 12ஆம் பயஸ் அவ்வறிவியலைப் படைப்புக்குச் சான்றுபோல எடுத்துரைத்தபோது, அதனை விரும்பாதவர் அக்குருவானவரே. நம் மேடைகள் அவரிடம் கற்கவேண்டியது உண்டு.

1956 தொடக்கம் 2008இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், 1955இல் வெளியான ‘த ஸ்டார்’ என்னும் சிறுகதையில் மறுபக்கத்தைக் காட்டினார். பெத்லகேமின்மேல் ஒளிர்ந்த விண்மீன், உயர்ந்ததொரு நாகரிகத்தையே எரித்தழித்த வெடிப்பு எனக் கணித்தறிந்த யேசுசபைத் துறவி விசுவாசம் தளர்கின்றார். விண்ணிற் சான்று தேடின் இவ்வகைச் சான்றும் அகப்படும்.

182 அடிகளாலான அகவலைத் தொடக்க அடிகளோடு நிறுத்திக்கொள்வதே குறை. பின்னர் இறைவன் ஒளிந்துகொள்ளும் வகைகளை மணிவாசகர் அடுக்கிச் செல்கின்றார். இந்த உபாயத்தாற் காண்போம் எனக் காத்திருந்தோருக்கு அந்த உபாயத்தினுள்ளேயே அவன் மறைந்தான் என்கின்றார். தொலைநோக்கியும் அத்தகையதோர் உபாயமே. விண்ணியலோடு சேர்த்து இப்பகுதியையும் எடுத்துரைத்த சொற்பொழிவு எதனையும் இக்கட்டுரையாளர் இதுவரை கேட்டதில்லை.