பாலையா கேட்ட கதை

‘காதலிக்க நேரமில்லை’யில் செல்லப்பா கதை சொல்லும் காட்சி என்றதும் எல்லோரும் நாகேஷைத்தான் கொண்டாடுகிறார்கள். 1964இல் வந்த படம். அறுபது ஆண்டு தாண்டியும் டிவியில் அந்த இடம் வந்தால் ரிமோட்டைத் தொட மனம் வருவதில்லை. நாகேஷ் மேதை, அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்தக் காட்சி பழசாகாமல் இருப்பதற்கு முதல் காரணம், எதிரே உட்கார்ந்து கதை கேட்கும் டி.எஸ்.பாலையா.

பாலையா அதில் எஸ்டேட் முதலாளி விசுவநாதன். மகன் செல்லப்பாவுக்கோ சினிமாப் பித்து. ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று கம்பெனி தொடங்கிவிட்டான். பணம் அப்பாவிடமிருந்து வர வேண்டும். அதற்காகச் சொல்லும் திகில் கதையில் கதை என்று எதுவுமே கிடையாது. இருட்டு, சத்தங்கள், ஏதோ ஓர் உருவம், அவ்வளவுதான். பின்னணி இசையின் வேலையையும் நாகேஷ் வாயாலேயே செய்துவிடுகிறார்.

இப்போது பாலையாவின் முகத்தை மட்டும் கவனியுங்கள். மகன் ஏதோ உளறுகிறான், கேட்டுத் தொலைப்போம் என்ற சலிப்பில் தொடங்குகிறது. பிறகு லேசான ஆர்வம். அப்புறம் அடிவயிற்றில் ஒரு கலக்கம். பெரிய மனிதர் பயப்படலாமா என்று அதை அடக்கப் பார்க்கிறார். கண்ணும் கையும் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. ஒரு கணம்கூட அவர் நம்மைச் சிரிக்க வைக்க முயல்வதில்லை. மனிதர் நிஜமாகவே நடுங்குகிறார். கிரிக்கெட்டில் மறுமுனை ஆட்டக்காரர் விக்கெட்டைக் காத்து நின்றால்தான் இந்த முனையில் சிக்ஸர் பறக்கும். நாகேஷ் அடித்த அத்தனை சிக்ஸருக்கும் பாலையா அப்படி நின்று கொடுத்திருக்கிறார்.

இது திடீரென்று வந்த வித்தையல்ல. 1936இல் ‘சதி லீலாவதி’யில் தொடங்கி நெடுங்காலம் வில்லனாக நடித்தவர். பொய்யையும் பேராசையையும் முகத்தில் மறைத்து மறைத்துக் காட்டிய பழக்கம் நகைச்சுவைக்குக் கைகொடுத்தது. இதே படத்தில் எஸ்டேட்டில் வேலையிழந்து வாசலில் மல்லுக்கு நிற்கும் அசோக், கோடீஸ்வரர் மகன் என்று பாலையா நம்பிய நொடியில் ‘அசோகரு’ ஆகிவிடுவான். பணத்தைக் கண்டால் வளையும் முதுகு நம் ஊரில் இருக்கும்வரை அந்தச் சிரிப்புக்கு வயதாகாது.

ஸ்ரீதருக்கும் கோபுவுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ‘கல்யாணப் பரிசு’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்று ஊரை அழவைத்த இயக்குநர், நண்பர் கோபுவோடு உட்கார்ந்து முழுநீள நகைச்சுவை எழுதினார். கதைக்குச் சம்பந்தமில்லாத காமெடி டிராக் இதில் இல்லை. செல்லப்பா அந்த வீட்டுப் பிள்ளை. அவனுடைய பித்து அந்த வீட்டின் பிரச்சினை. நாயகியரைத் துரத்திச் சீண்டும் பகுதிகள் இன்று எனக்கு ரசிக்கவில்லை. அப்பா–மகன் காட்சிகளில் ஒரு விநாடியைக்கூட வெட்ட முடியாது.

1966இல் ஸ்ரீதரே இதை இந்தியில் ‘பியார் கியே ஜா’ என்று எடுத்தார். மெஹ்மூத் கதை சொல்ல, ஓம் பிரகாஷ் கேட்டார். அவர்களும் தேர்ந்த நடிகர்கள்தான். அங்கும் காட்சி பேர் வாங்கியது. ஆனாலும் என் ஓட்டு பாலையாவுக்கே. அடுத்த முறை இந்தப் படம் கண்ணில் பட்டால், நாகேஷைக் காதால் மட்டும் கேட்டுவிட்டு, கண்ணைப் பாலையாவுக்குக் கொடுங்கள்.