தூம்பு, குமிழி, கலிங்கு: ஏரிப் பொறியியலின் பழஞ்சொற்கள்

இன்று ஏரியிலிருந்து தண்ணீர் வெளியேறும் எந்த அமைப்பையும் மதகு என்று சொல்லிவிடுகிறோம். பல்லவர், சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகள் அப்படிச் சொல்லவில்லை. ஏரியின் ஒவ்வொரு உறுப்புக்கும் தனிப் பெயர் இருந்தது. அந்தப் பெயர்களின் பொருளை விளங்கிக்கொண்டால் ஏரி வேலை செய்த விதமும் விளங்கும்.

முதலில் தூம்பு. உள்ளே துளையுள்ள குழாய் என்பது இதன் அடிப்படைப் பொருள். சங்க இலக்கியத்தில் இது ஓர் ஊதுகருவியின் பெயராகவும் வரும். ஏரியில் இது நீர் போகும் வழியைக் குறித்தது. கரைக்கு அடியில் கல்லால் கட்டிய நிலத்தடிக் கால்வாய்க்குச் சுருங்கை என்று பெயர்.

இவற்றுள் நுட்பம் மிகுந்தது குமிழித் தூம்பு. புதுக்கோட்டை வட்டாரக் கண்மாய்களில் நீர் வற்றும் கோடையில் இதை இன்றும் காணலாம். கரையைவிட்டுச் சற்றுத் தள்ளி, ஏரியின் உள்வாயில் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றைக் குறுக்குப் பலகைக் கற்கள் இணைக்கும். அக்கற்களின் நடுத்துளை வழியே ஒரு தண்டு இறங்கி, அடியிலுள்ள கல்தொட்டியின் வாயை அடைத்திருக்கும். தண்டைத் தூக்கினால் நீர் தொட்டிக்குள் இறங்கிச் சுருங்கை வழியே வயலுக்குப் போகும். தொட்டியின் மேல்துளைக்கு நீரோடி என்றும் அடித்துளைக்குச் சேறோடி என்றும் பெயர். நீரோடு வண்டலும் வெளியேறி வயலுக்கு உரமாயிற்று. நீர் சுழித்து இறங்கும் இடம் கரையிலிருந்து விலகியிருப்பதால் மண்கரை அரிக்கப்படுவதில்லை. செய்து கொடுத்தவரின் பெயரைத் தூணிலேயே வெட்டி வைக்கும் வழக்கமும் இருந்தது.

கலிங்கு வேறு வேலைக்கானது. ஏரி நிறைந்தபின் மிகுநீரை வெளியேற்றிக் கரையைக் காப்பது இதுதான். இதன் தளமட்டமே ஏரியின் கொள்ளளவை முடிவு செய்யும். தளத்தின்மேல் வரிசையாக நட்ட கற்களுக்கு இடையே, பெருமழை ஓய்ந்தபின் மண்ணும் புல்கரணையும் இட்டு அடைத்துக் கூடுதல் நீரைத் தேக்கினார்கள். இதன் பெயர் ஊருக்கு ஊர் மாறும். வடமாவட்டங்களில் ஏரி ‘கோடி போகிறது’ என்பார்கள். நெல்லையில் குளம் ‘மறுகால் பாய்கிறது’. மதுரை, சிவகங்கைப் பக்கம் ‘கலுங்கு’.

கட்டுமானத்தோடு நிர்வாகச் சொற்களும் வளர்ந்தன. ஏரிப் பராமரிப்புக்கு விட்ட நிலம் ஏரிப்பட்டி. அந்தப் பராமரிப்புக்காக வாங்கிய வரி ஏரியாயம். முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைக் குடவோலையில் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கின்றன. நிலத்தை அடையாளம் காட்டக்கூட நீர்வழிகளே பயன்பட்டன. இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு (கிளை வாய்க்கால்), இத்தனையாம் சதிரம் (சதுர நிலத்துண்டு) என்று சோழர் ஆவணம் எல்லை சொல்லும்.

காலனியாட்சிப் பொறியாளர்களும் இந்த மரபிலிருந்து கற்றார்கள். மணலில் நிற்கும் கல்லணையை ஆர்தர் காட்டன் ஆராய்ந்தார். கொள்ளிடத்தில் மேலணையை 1836-இல் கட்டத் தொடங்கினார். அணைக்கட்டு என்ற தமிழ்ச் சொல் ‘அனிகட்’ ஆகி ஆங்கிலப் பாசன நூல்களில் நிலைத்தது.

சொல்லாய்வில் நமக்கு நல்ல அடித்தளம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும், எ. சுப்பராயலுவின் தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதியும் இருக்கின்றன. பொறியாளர் பழ. கோமதிநாயகம் பாசன வரலாற்றைத் தொழிலறிவோடு எழுதினார். ஆனால் அகராதி பொருளைத் தரும். உறுப்பின் அளவையும் இயக்கத்தையும் களத்தில்தான் பார்க்க முடியும். கல்வெட்டறிஞரும் பொறியாளரும் சேர்ந்து வரைபடத்தோடு ஒரு பாசனக் கலைச்சொல் அகராதி செய்ய வேண்டும். மடை திறந்து நீர் பங்கிட்ட நீர்க்கட்டிகளிடம் கேட்டுப் பதிய வேண்டியவை இன்னும் நிறைய. தூர்வாரும் இயந்திரம் ஏரிக்குள் இறங்குமுன், அங்கே நிற்கும் இரட்டைத் தூண் எதற்கென்று அறிந்த ஒருவர் கரையில் இருக்க வேண்டும்.