முதுமை இல்லறமும் கிறிஸ்துமஸ் வாரமும்

மலேசியத் தமிழ்ப் புனைகதைகளில் முதியோருக்குப் பஞ்சமில்லை. தோட்டத்து லயத்தின் வாயிலில் அமர்ந்திருக்கும் கிழவரும், மகன் பட்டணத்திற்குப் போனபின் தனித்து நிற்கும் தாயும் பலமுறை வந்து சென்றவர்களே. ஆயினும் அவர்களுள் பெரும்பாலோர் துயரத்தின் சாட்சிகளாகவே படைக்கப்பட்டுள்ளனர். உழைத்து ஓய்ந்து, வாழ்க்கைத் துணையோடு நிறைவாக நாளைக் கழிக்கும் முதியவர் கதைக்கு உரியவராகக் கருதப்படுவது அரிது. மோதலும் திருப்பமும் இல்லாத வாழ்வில் கதை ஏது என்னும் எண்ணமே இதற்குக் காரணம். பணி ஓய்வு பெற்ற கிறிஸ்தவத் தம்பதியர் பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ அமைதியாகக் கழிக்கும் கிறிஸ்துமஸ் வாரம் இலக்கியப் பொருளாகுமா என்னும் வினா, இவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்க்கத்தக்க நல்ல உரைகல்லாகும்.

இக்குறைக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. மலேசியத் தமிழ்ப் புனைகதையின் தாய்நிலம் ரப்பர்த் தோட்டம். தமிழகத்திலிருந்து வந்து கண்டு எழுதிய அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ நாவலும் அந்நிலத்தையே களமாகக் கொண்டது. தோட்டத்தில் வேலை நின்றால் குடியிருந்த வீடும் கைவிட்டுப் போகும். 1951இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்த பின்னரும் அவ்வீடு தொழிலாளிக்குச் சொந்தமாகவில்லை. ஓய்வு என்பது அவருக்கு அமைதியன்று, இருப்பிடத்தை இழத்தலே. ஆனால், யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்று வந்து, ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் பணியாற்றியோர்க்கு ஓய்வூதியம் இருந்தது. ரயில்வேயோடு வளர்ந்த பிரிக்பீல்ட்சில் அவர்தம் ஓய்வுக்கால வாழ்வு ஒரு தலைமுறைக்கு முன்பே வேர்கொண்டது. இலக்கியத்தின் மனச்சான்று தோட்டத்தின் பக்கம் நின்றது முறையே. எனினும் இன்று தோட்டத்திலிருந்து புறப்பட்டோரின் பிள்ளைகளும் ஆசிரியராகவும் தாதியராகவும் பணியாற்றி ஓய்வுபெற்று, கிள்ளானின் தாமான்களில் வாழ்கின்றனர். எனவே இப்பொருளை ஒரு வகுப்பாரின் தனிப்பொருள் என ஒதுக்க இயலாது.

தமிழ் மரபும் முதுமையைத் துயரமாக மட்டும் பார்த்ததன்று. புறநானூற்றின் 243ஆம் பாட்டில் தொடித்தலை விழுத்தண்டினார், மடுவில் குதித்து மணலெடுத்து வந்த இளமையை, கோலூன்றி இருமும் முதுமையிலிருந்து நினைந்து இரங்குகிறார். அதே நூலின் 191ஆம் பாட்டில் பிசிராந்தையாரோ, ஆண்டு பலவாகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் கூறுகிறார். மாட்சி மிக்க மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், அறம் காக்கும் வேந்தன், ஊரில் வாழும் சான்றோர் என அக்காரணங்கள் வீட்டில் தொடங்கி ஊரில் முடிகின்றன. தொல்காப்பியக் கற்பியலும், காமம் நிறைவுற்ற கடைப்பருவத்தில் மக்களோடும் சுற்றத்தோடும் கிழவனும் கிழத்தியும் சிறந்ததைப் பயில்வதே கடந்த வாழ்வின் பயன் என்கிறது. இதனைத் துறவை நோக்கிய நிலையாகக் கொள்வாரும் உளர். ஆயினும் மக்களும் சுற்றமும் உடன் கூறப்படுதலால், இல்லற நிறைவாகக் கொள்ளுதலே பொருத்தம். மலேசியப் புனைகதை விழுத்தண்டினாரின் வழியைப் பெரிதும் பின்பற்றியுள்ளது. பிசிராந்தையாரின் வழி இன்னும் நடப்பாரின்றியே கிடக்கிறது.

கிறிஸ்து பிறப்பின் வரலாறும் இக்கருத்துக்குத் துணை நிற்கிறது. லூக்கா எழுதிய நற்செய்தி குழந்தையோடு தொடங்கவில்லை. சகரியா, எலிசபெத்து என்னும் பிள்ளையற்ற முதிய தம்பதியரோடு தொடங்குகிறது. குழந்தை பிறந்தபின் அதனை ஆலயத்தில் ஏந்துபவர் சிமியோன் என்னும் பெரியவர்; அதனைக் குறித்து ஊருக்கு உரைப்பவள் அன்னாள் என்னும் மூத்த கைம்பெண். கத்தோலிக்கத் திருவழிபாட்டில் வழக்கமாக டிசம்பர் 19இல் சகரியாவின் பகுதியும், 29இல் சிமியோனின் பகுதியும், 30இல் அன்னாளின் பகுதியும் வாசிக்கப்படுகின்றன. விழாவின் முன்னும் பின்னும் முதியோரே நிற்கின்றனர். இடையில் எழும் ஆரவாரத்தில் அவர்கள் மறக்கப்படுகின்றனர். ஆகவே, முதியோர் வீட்டின் கிறிஸ்துமஸை எழுத முனைபவர் விழாவின் ஓரத்தை எழுதுகிறார் எனல் பொருந்தாது. அதன் வரம்பையே எழுதுகிறார்.

தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியமும் வீட்டைப் புறக்கணித்ததில்லை. வீரமாமுனிவரின் தேம்பாவணி 3,615 பாடல்களில் விரிந்த பெருங்காப்பியம். அதன் தலைவன் போர் வென்ற மன்னன் அல்லன். மனைவியையும் குழந்தையையும் காத்துத் தச்சுத்தொழில் செய்த வளன். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்தலகேம் குறவஞ்சி பாடியதோடு, சபையும் குடும்பமும் பாடத்தக்க கீர்த்தனைகளையும் இயற்றினார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பில் பிறந்த கீர்த்தனை, கோயில்மணி கேட்காத இடத்திலும் குடும்ப ஜெபத்தில் உயிர்வாழ வல்லது. பிறப்புப் பாடல்களுள் தாலாட்டாக அமைந்தவை தனிச்சிறப்புடையன. தம் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் தாலாட்டிய மூதாட்டி அவற்றைப் பாடுங்கால், சொல் மாறாமலே பொருள் ஆழப்படுகிறது. தொட்டிற் குழந்தையை நோக்கி எழும் அப்பாட்டில், வளர்ந்து பிரிந்த பிள்ளைகளின் நினைவும் கலந்துவிடுகிறது. இதனைச் சமயப் பாட்டென்று ஒதுக்கிவைத்தால் தமிழ் மாணவர்க்கே இழப்பு.

இனி, அவ்வாரத்தின் இயல்பு நோக்கத்தக்கது. பிரிக்பீல்ட்சின் சீயோன் லூத்தரன் ஆலயம் 1924ஆம் ஆண்டையும், கிள்ளானின் லூர்து அன்னை ஆலயம் 1928ஆம் ஆண்டையும் சேர்ந்தவை. இத்தகைய ஆலயங்களைச் சூழ்ந்து வாழும் குடும்பங்களில், கீத பவனிக் குழுவினர் வந்து பாடிச் சென்றபின் முறுக்குத் தகரம் திறக்கப்படுகிறது. இருபத்து நான்காம் நாள் இரவில் ஆராதனை. மறுநாள் மக்களும் பேரக்குழந்தைகளும் கூடும் பகலுணவு. பின்னர் இந்து நண்பரும் மலாய், சீன அண்டைவீட்டாரும் வந்து போகின்றனர். தீபாவளிக்குப் பலகாரத்தோடு வந்த பாத்திரம் இப்போது கேக்கோடு திரும்பிச் செல்கிறது. இருபத்தெட்டாம் நாளளவில் கார்கள் யாவும் போய்விடுகின்றன. ஆண்டிறுதி இரவின் ஆராதனை வரையில் வீட்டில் இருவரே எஞ்சுகின்றனர். ஒருவர் கண்ணாடியைத் தேட, மற்றவர் அது இருக்குமிடத்தைச் சொல்கிறார். யாழ்ப்பாணத்து மூதாட்டியின் ‘இஞ்சாருங்கோ’ என்னும் ஒரு விளியில் ஐம்பதாண்டு இல்லறம் ஒலிக்கிறது. அதனைக் கேட்கும் செவியின்றி, எல்லா முதியோரையும் ஒரே நூல்நடையில் பேசவைக்கும் எழுத்து இவ்வாழ்வைத் தொட இயலாது.

இப்பொருளை எழுதுவோர்க்கு இருவகை இடர்கள் உள. முதலாவது, மிகையான இனிமை. குடும்பம் கூடியது, பாடியது, மகிழ்ந்தது என முடிப்பது வாழ்த்து மடலேயன்றி இலக்கியமன்று. இரண்டாவது, முன்கூட்டியே முடிவுசெய்த இரக்கம். பிள்ளைகள் புறப்பட்ட கணமே பெற்றோரைக் கைவிடப்பட்டோராகக் காட்டுவது எளிய உத்தி. பிள்ளைகள் சென்ற வீட்டில் நிலவும் அமைதி நிறைவாகவும் இருக்கலாம், வெறுமையாகவும் இருக்கலாம். பெரும்பாலும் ஒரே மாலையில் இரண்டும் மாறிமாறி வரும். அவ்வேறுபாட்டைக் காட்டுவதே கலைஞனின் பணி. ரெ. கார்த்திகேசுவின் ‘அந்திம காலம்’ (1998) ஓய்வுபெற்ற ஒருவரை நாவலின் மையத்தில் நிறுத்தி, நோயும் இறப்பும் நெருங்கும் வேளையில் அவர் உள்ளத்தை ஆராய்ந்தது. முதுமையை இரங்கற்பொருளாக்காமல் சிந்தனைப் பொருளாக்கிய அந்நாவலின் துணிவு போற்றத்தக்கது. ஆயினும் நோய் வந்தால்தான் முதுமை கதையாகும் என்னும் விதி அதனால் உறுதிப்பட்டுவிடலாகாது. நலமாக இருக்கும் முதியோரின் சாதாரண நாளும் அதே ஆழத்தோடு ஆராயத்தக்கதே.

இவ்வமைதியினுள் ஒரு போராட்டமும் மறைந்துள்ளது. அது மொழியைப் பற்றியது. பேரக்குழந்தைகள் பலர் ஆங்கில வழிபாட்டுக்குச் செல்கின்றனர். தமிழ்க் கீர்த்தனையைப் பாட விரும்பினும் எழுத்தறியார். பாட்டனார் ரோமன் எழுத்தில் அப்பாடலைப் படியெடுத்துக் கொடுக்கிறார். குழந்தை பாடுகிறது, ழகரமும் ளகரமும் ஒன்றாகின்றன, பாட்டியின் முகம் மலர்கிறது. அம்மலர்ச்சியில் வெற்றி எவ்வளவு, தோல்வி எவ்வளவு என்று அளந்து கூறல் எளிதன்று. பாட்டு வாழ்கிறது, எழுத்து நழுவுகிறது. தேர்ந்த சிறுகதைக்கு இதனினும் பெரிய முரண் வேண்டியதில்லை. மோதல் இல்லை எனக் கருதப்பட்ட வாழ்வில், மலேசியத் தமிழரின் தலையாய வினாவே உணவு மேசையருகில் அமர்ந்திருக்கிறது.

ஆகவே, நிகழ்ச்சியற்ற வாரத்தில் இலக்கியம் இல்லை என்னும் கருத்து நிலைக்காது. அவ்வாரத்தைக் காணும் பயிற்சியே குறைவு. அப்பயிற்சியை வகுப்பறை தொடங்கிவைக்கலாம். புறநானூற்றின் 191ஆம் பாட்டையும் 243ஆம் பாட்டையும் அருகருகே வைத்துக் கற்பிக்கும் ஆசிரியர், மாணவரை அவரவர் வீட்டு முதியோரிடம் அனுப்பி, எச்சமயத்தினராயினும் அவர்கள் விழாநாளில் பாடும் ஒரு பாட்டைத் தமிழெழுத்தில் எழுதிவரச் செய்யலாம். கிறிஸ்தவ மாணவன் கீர்த்தனையோடு வருவான். இந்து மாணவி தேவாரத்தோடோ தாலாட்டோடோ வருவாள். பாட்டனார் ரோமன் எழுத்தில் எழுதிக் கொடுத்ததைப் பேரன் தமிழில் திருப்பி எழுதும் நாள், அம்முதியோர் வீட்டின் கிறிஸ்துமஸ் வாரத்தை மேலும் ஒருநாள் நீட்டித்த நன்னாளாகும்.