பெயர்ப்பும் பதிவும்: ஃபிரீலின் நாடகமும் அயர்லாந்தின் இடப்பெயர் ஏடுகளும்

மொழிபெயர்ப்பாளரிடையே பெரிதும் பேசப்படும் நாடகங்களுள் பிரையன் ஃபிரீலின் 'டிரான்ஸ்லேஷன்ஸ்' ஒன்றாகும். 1980இல் டெரி நகரில் முதன்முதலாக மேடையேறிய இந்நாடகம், 1833ஆம் ஆண்டில் டொனிகால் பகுதிச் சிற்றூர் ஒன்றில் நில அளவைப் படையினர் ஐரிய இடப்பெயர்களை ஆங்கிலமாக்குவதைக் கருவாகக் கொண்டது. பெயர் மாற்றம் மொழிபெயர்ப்பின் வன்முறை என்னும் கருத்து இந்நாடகத்தின்வழியே பரவலாயிற்று. இடப்பெயராய்வு நோக்கில் இது பாதியளவே பொருந்தும்.

ஆற்றுவாய் எனப் பொருள்படும் 'பன் நா ஹௌன்' நாடகத்தில் 'பர்ன்ஃபுட்' ஆகிறது. இது பொருள் பெயர்ப்பு. வரலாற்றில் நிகழ்ந்ததோ பெரும்பாலும் ஒலிபெயர்ப்பு. 1824இல் தொடங்கிய அந்த அளவையின் பெயர் ஏடுகள் பங்குவாரியாக அமைந்தவை. வழங்கும் வடிவம், ஆவணங்களில் காணும் பிற வடிவங்கள், அவற்றிற்குரிய சான்று, அமைவிடம், குறிப்பு எனப் பத்தி பிரித்து எழுதப்பட்டவை. 1830இல் பணியேற்ற ஜான் ஓ'டோனவன் ஊர்தோறும் சென்று முதியோர் வாய்மொழியைக் கேட்டு, ஐரிய மூலத்தையும் அவற்றில் பொறித்தார். வழக்கிலிருந்த ஆங்கில வடிவங்களுள் மூலத்திற்கு நெருங்கியதைத் தேர்வதே நெறி. பணியை நடத்திய லார்க்கம் ஓ'டோனவனிடமே ஐரியம் கற்றவர். வரலாற்றாசிரியர் ஜே. எச். ஆண்ட்ரூஸ் 1975இல் வெளியிட்ட நூல் இவ்வளவையின் வரலாற்றை விரிவாகத் தருகிறது. அதைப் படித்தே எழுதியவர் ஃபிரீல் என்பதும் நோக்கத்தக்கது.

அவ்வாறாயின் இழப்பே இல்லையா? உண்டு, அது எழுத்தில் நேர்ந்தது. தேவாலயத்தைக் குறிக்கும் 'கில்', காட்டைக் குறிக்கும் 'குவில்' ஆகிய இரு சொற்களும் ஆங்கில எழுத்தில் 'கில்' என்றே நின்றன. ஆற்றைக் குறிக்கும் 'ஔன்', ஆட்பெயராகிய 'ஓன்' ஆகிய இரண்டும் 'ஓவன்' ஆயின. ஓவன்மோர் என்பது பேராறு; இனிஷோவன் என்பதிலோ இருப்பவன் ஆள். (நாடகத்தில் பெயர்ப்புப் பணி செய்யும் உள்ளூர் இளைஞனின் பெயரும் ஓவனே, அவனையும் ஆங்கிலேயர் ரோலண்ட் என்றே அழைக்கின்றனர்.) உரோமன் எழுத்தில் மலையும் மழையும் மயங்கக் கண்ட தமிழர்க்கு இது புதிதன்று. ஏட்டில் ஐரிய மூலம் எழுதப்பட்ட இடங்களில் இம்மயக்கம் தீரும். படத்தை மட்டும் காண்பவர்க்குத் தீராது.

மற்றொரு குறை இதனினும் பெரிது. உள்ளூர் வரிக்கான நில மதிப்பீடே அளவையின் முதல் நோக்கம். எனவே வரிக்குரிய ஊர்ப்பிரிவுகளின் பெயர்கள் பேணப்பட்டன. சிறு குன்றும் ஓடையும் பாறையும் வரி செலுத்துவதில்லையாதலின் அவற்றின் பெயர்களுட் பல ஏடேறவில்லை. ஃபிரீலின் நாடகம் இவ்விடத்தில்தான் ஏட்டைக் கடந்து செல்கிறது. 'டோபர் வ்ரீ' ஒரு கூட்டுச்சாலை. கிணறு வற்றிவிட்டது, அதில் மூழ்கி இறந்த பிரையனின் பெயரும் 'வ்ரீ' எனத் தேய்ந்துவிட்டது. கதையை அறிந்தவன் ஓவன் ஒருவனே. அதுவும் பாட்டன் சொல்லக் கேட்டது. இப்பெயரை வைப்பதா விடுவதா என்கிறான் ஓவன். வைக்கவேண்டும் என்பவன் அயலானாகிய யோலண்ட். சான்று என்னும் பத்தியில் இக்கதைக்கு எதனை எழுதுவது? நாடகத்தின் தலைசிறந்த காட்சி இதுவே. ஆயினும் திறனாய்வாளர் பலர் 'பர்ன்ஃபுட்'டையே மேற்கோளாக்குகின்றனர்.

ஓ'டோனவன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் டிம் ராபின்சன். இங்கிலாந்தில் பிறந்த அவரும் அயலாரே. 1975இல் அரன் தீவுகளின் நிலப்படத்தையும், 1990இல் கோனமாராவின் நிலப்படத்தையும் வெளியிட்டார். வயலிலும் கரையிலும் நின்று, அந்நிலத்தில் உழைப்போரிடமே பெயரைக் கேட்டு எழுதியது அவர் முறை.