வக்ஃபும் அறக்கட்டளையும்

பிரெஞ்சு ஆட்சி 1954-இல் நீங்கிய பின்னும் வில்லியனூரிலும் பாகூரிலும் ‘கொம்யூன்’ என்ற சொல் பஞ்சாயத்தின் பெயரோடு ஒட்டியே நிற்கிறது. அதைப் பெயர்க்காததால் எவருக்கும் நட்டமில்லை. ஆனால் ‘வக்ஃபு’ என்பதை ‘அறக்கட்டளை’ எனப் பெயர்த்தெழுதும் வழக்கம் அத்தகையதன்று. அதில் நட்டம் உண்டு.

அறக்கட்டளை என்பது ஆங்கிலேயரின் ‘டிரஸ்ட்’டுக்கு நாம் வழங்கும் பெயர். அந்த டிரஸ்டைத் தம் மொழியில் கொண்டுவரப் பிரெஞ்சுச் சட்ட அறிஞர் பட்ட பாடு நமக்குப் பாடமாகும். ஆங்கிலச் சட்டத்தில் உடைமை ஒருவர் பெயரில் இருக்கும். பயன் வேறொருவரைச் சேரும். 1804-ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சிவில் சட்டமோ உடைமையை அவ்வாறு இரண்டாகப் பிளக்க இடந்தரவில்லை. பொருளே இல்லாத இடத்தில் சொல் எங்கிருந்து வரும்? 1985-இல் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையின் பிரெஞ்சு வாசகம் ‘டிரஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொண்டது. தாய்மொழிப் பற்றில் எவருக்கும் இளைக்காதவர் செய்த காரியம் இது! கனடாவின் கியூபெக் மாநிலத்தார் ‘ஃபிதுசி’ என்ற சொல்லை ஆண்டனர். ஆயினும் 1994-இல் நடைமுறைக்கு வந்த அவர்களது சட்டம், அச்சொத்து கொடுத்தவர், நிர்வகிப்பவர், பயன்பெறுபவர் ஆகிய மூவருக்கும் உரியதன்று என விதித்து, பொருளையே திருத்தி அமைத்துக்கொண்டது.

வக்ஃபு என்னும் அரபுச் சொல்லின் வேர்ப்பொருள் ‘நிறுத்துதல்’. குர்ஆன் ஓதுகையில் நாம் நிறுத்தும் இடத்திற்கும் அதுவே பெயர். விற்பதும் ஈவதும் வாரிசுகளுக்குப் பிரிப்பதும் அந்நிலத்தில் நின்றுவிடுகின்றன. உடைமை அல்லாஹ்வுக்கே உரியதாகிறது என்பது ஷாஃபிஈ மத்ஹபில் ஏற்கப்பட்ட கருத்து; இமாம் அபூயூசுஃபின் முடிவும் அதுவே. 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்டுச் சட்டம் தன் முதற்பிரிவிலேயே வக்ஃபை விலக்கி வைத்தது. சென்னை மாகாணத்து மடத்துச் சொத்து வழக்கொன்றில், 1921-இல் பிரிவி கவுன்சிலின் தீர்ப்பை உரைத்த சையது அமீர் அலீ, முத்தவல்லி ஆங்கிலப் பொருளில் டிரஸ்டி அல்லர், சொத்து அவர் உடைமையாவதில்லை எனத் தெளிவுபடுத்தினார்.

பத்திரத்தில் ‘அறக்கட்டளை’ என்று கண்டால் முத்தவல்லியின் பேரன் எப்படிப் படிப்பான்? ‘பாட்டனார் நடத்திய டிரஸ்ட்’ என்றுதான். விற்பனைக்கு முதல் வாசல் அங்கே திறக்கிறது.

வக்காலத்து, ஜாமீன், ரத்து, வாரிசு ஆகியவற்றைப் பாமரரும் பொருளுணர்ந்து வழங்கும் தமிழில் வக்ஃபு மட்டும் அந்நியமாகிவிடுமா? தனித்தமிழ் அன்பர்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்வேன்: முத்தவல்லியை ‘அறங்காவலர்’ என்று எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை. அச்சொல் காவலை மட்டுமே குறிக்கிறது.