ஆடம்ஸ் டைரியில் ஹோல்ஸி

ஜான் குவின்ஸி ஆடம்ஸின் டைரியைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக 1820 மார்ச்சில் போய் நிற்பார்கள். மிசோரி சமரசம் முடிவான வாரம் அது. வெளியுறவு அமைச்சர் ஆடம்ஸும் போர்த்துறை அமைச்சர் கால்ஹூனும் அதிபர் மன்றோவைப் பார்த்துவிட்டுச் சேர்ந்து நடந்து வருகிறார்கள். எங்கள் ஊரில் வீட்டு வேலை கறுப்பர்களுக்குத்தான், ஒரு வெள்ளைக்காரரை வேலைக்கு வைத்தால் என் மானமே போய்விடும் என்கிறார் கால்ஹூன். அடிமைமுறை மனிதனின் நல்லது கெட்டது பார்க்கும் புத்தியையே கெடுத்துவிடுகிறது என்று ஆடம்ஸ் டைரியில் பொரிந்து தள்ளுகிறார். பிரமாதமான பக்கங்கள், சந்தேகமே இல்லை. ஆனா வெளியே இதையெல்லாம் சொல்லவில்லை. சமரசத்தையும் ஆதரித்தார்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 1828 பிப்ரவரி 23. ஆடம்ஸ் அப்போது அதிபர். தன் வீட்டில் பல வருடம் இருந்த ஹோல்ஸி என்ற கறுப்பினப் பையன் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் இறந்துபோனதாக எழுதுகிறார். சில மாதங்களாகக் காசநோய். பையன் ஜான்சன் ஹெலனுக்குச் 'சொந்தம்'. ஹெலன் யாருன்னு பார்த்தா, ஆடம்ஸின் மனைவி லூயிசாவுடைய அக்கா மகன். அதாவது அதிபர் மாளிகையிலேயே ஓர் அடிமை.

காலையில் லேட்டாக எழுந்ததற்குக்கூடத் தன்னைத் திட்டிக்கொள்கிற மனுஷன் இவர். கால்ஹூனின் வீட்டு வேலைக்காரர்களைப் பற்றி அவ்வளவு யோசித்தவர், தன் கூரைக்குக் கீழே கிடந்து இருமியவனைப் பற்றி ஒன்றிரண்டு வரியோடு நகர்ந்துவிடுகிறார். டைரியின் பெரிய ஓட்டை இதுதான் என்பேன். பிற்பாடு காங்கிரஸில் அடிமை ஒழிப்பு மனுக்களைத் தடுத்த விதியை எதிர்த்து 1836 முதல் 1844 வரை சண்டை போட்டார். 1841-ல் அமிஸ்டாட் கப்பல் ஆப்பிரிக்கர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். பெரிய காரியங்கள்தான். ஆனாலும் அவற்றை வைத்து 1828-ஐ மெழுகக் கூடாது.

பன்னிரண்டு வயதில், 1779-ல் ஆரம்பித்தது இந்த டைரி. மொத்தம் 51 தொகுதிகள். மகன் சார்லஸ் பிரான்சிஸ் 1874-77-ல் கொண்டுவந்த 12 தொகுதிப் பதிப்பு குடும்ப விஷயங்களைப் பெரும்பாலும் வெட்டிவிட்டது. அரசியல் ஆடம்ஸ் கிடைப்பார், வீட்டு ஆடம்ஸ் கிடைக்கமாட்டார். அதனால் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் கையெழுத்துப் பக்கங்களுக்கே போங்க. முதலில் 1820-ஐப் படிங்க, கையோடு 1828-ஐயும் திறந்துடுங்க.